மேனித் தேய்ப்புக் கலவையில் தேன்

சில ஆண்டுகளாக நமது கிராமங்களில் தேனீ வளர்க்கும் விவசாயிகளிடையேயும் மகளிர் சுய உதவிக் குழுக்களிடையேயும் ஒரு புதிய பேச்சு அடிபட்டு வருகிறது. தேனைத் தேனாகவே விற்பதைவிட, மேனியழகுப் பொருள்களில் சேர்த்து விற்றால் இலாபம் பன்மடங்காகும் என்பதே அப்பேச்சு. நகரத்துக் கடைகளில் 'ஸ்கிரப்' என்ற பெயரால் விற்கப்படும் மேனித் தேய்ப்புக் கலவையின் விலையைக் கண்டு வந்தவர்கள், அந்தச் சிறு ஜாடியின் மேல் 'தேன்' என்னும் சொல் எவ்வளவு பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கண்டு வருகிறார்கள். கண்டவுடன் கடனுக்கு விண்ணப்பம் எழுதப்படுகிறது. அவ்விண்ணப்பம் பரிந்துரைக்காக ஊராட்சி உறுப்பினர்களிடம் வரும்போது, "தேன் நம் ஊரில் கிடைக்கிறது, மாவு நம் ஊரில் கிடைக்கிறது, பின் என்ன தடை?" என்ற ஒரே கேள்வியோடு ஆய்வு முடிந்துவிடுகிறது. இத்தொழிலில் இறங்குவதற்கு முன்பு அறிய வேண்டியவை இன்னும் பல உள. அவற்றுள் முக்கியமானவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

தேய்ப்புக் கலவை என்பது நமக்குப் புதிய சரக்கன்று. நம் மேனியின் மேற்புறத் தோல் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறது. அடியிலிருந்து புதிய உயிரணுக்கள் மேலெழும்ப, பழையவை உலர்ந்து, செதிள்களாய் உதிர்கின்றன. அவ்வாறு உதிராமல் ஒட்டிக் கொண்டிருப்பவற்றை மெல்லத் தேய்த்து நீக்குவதே இக்கலவையின் வேலை. நமது பாட்டிமார் பயத்தம் மாவையும் நலங்கு மாவையும் இதற்கே உபயோகித்தார்கள். இன்றைய ஆலைகள் செய்யும் கலவையிலும் மூன்று உறுப்புகளே அடிப்படையானவை: உராய்வதற்குத் துகள், துகளைத் தாங்குவதற்கு ஒரு களிம்பு, மேனிக்கு மென்மை தருவதற்கு ஓர் ஈரம் காக்கும் பொருள். தேன் இந்த மூன்றாம் உறுப்பாகச் சேர்க்கப்படுகிறது.

துகளைப் பற்றி ஒரு செய்தி குறிப்பிடத் தக்கது. நெடுங்காலமாகப் பெரிய ஆலைகள் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் பிளாஸ்டிக் மணிகளையே துகளாகச் சேர்த்து வந்தன. கழுவிவிட்ட மணிகள் சாக்கடை வழியே ஆற்றுக்கும் கடலுக்கும் சென்று மீன்களின் வயிற்றை அடைவது தெரிய வந்ததும், அமெரிக்க ஐக்கிய நாடு 2015-ஆம் ஆண்டு இறுதியில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பிரிட்டனிலும் 2018-ல் தடை நடைமுறைக்கு வந்தது. இதன் பயனாக ஆலைகளின் பார்வை சர்க்கரை, உப்பு, அரிசி மாவு, ஓட்ஸ், வாதுமைக் கொட்டை ஓடு முதலியவற்றின் பக்கம் திரும்பியிருக்கிறது. கிராமத்துப் பொருளுக்கு இத்துறையில் ஓரளவு இடம் பிறந்திருப்பது மெய்யே.

இனித் தேனின் குணங்களைக் காண்போம். நன்கு முதிர்ந்த 100 கிராம் தேனில் ஏறத்தாழ 80 கிராம் சர்க்கரைப் பொருள்களே உள்ளன. பழச் சர்க்கரையாகிய பிரக்டோஸ் மிகுதி, குளுக்கோஸ் அதற்கு அடுத்தபடி. நீர் 17 முதல் 20 கிராம் வரை இருக்கும். எஞ்சியவை சிறிதளவு அமிலங்கள், நொதிகள், தாதுக்கள், மகரந்தத் துகள்கள். சர்க்கரை இவ்வளவு செறிந்திருப்பதால் தேன் காற்றிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்கிறது. மூடாத தேன் பாட்டில் மழைக் காலத்தில் நீர்த்துப் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் குணமே மேனியின் மேல் ஈரம் காக்கும் குணமாகிறது. தேனின் பசைத் தன்மை துகள்களைப் பிணைத்து, அவை தரையில் உதிராமல் கையில் நிற்கச் செய்கிறது. அதன் புளிப்புத் தன்மையும் மேனியின் இயல்பான புளிப்புத் தன்மைக்கு மாறானதன்று. காரம் மிகுந்த சோப்பு தோலை வறட்டுவதுபோல் தேன் வறட்டுவதில்லை.

இவ்வளவும் உண்மை. ஆயினும் இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டுக் கழுவும் ஒரு பொருளில் உள்ள தேன், மேனியில் அற்புதங்களை விளைவிக்கும் என்று எழுத என் பேனா துணியவில்லை. தேய்க்கும்போது வழுவழுப்பும், கழுவிய பின் சற்றே மென்மையும் கிட்டும். விற்பனைக்கு அது போதும். அதற்கு மேல் கூறுவது விளம்பரக்காரர் வேலை.

நாம் முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது தேனின் அளவுக் கணக்கு. ஆலையில் செய்யும் கலவைகள் பலவற்றிலும் தேன் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் இருப்பதில்லை. இதை எவரும் கடையிலேயே கண்டறியலாம். ஜாடியின் பின்புறம் சிறு எழுத்தில் அச்சிட்டுள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். எது அதிக எடையோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். நூற்றில் ஒரு பங்குக்கு உட்பட்டவற்றை மட்டும் இறுதியில் எந்த வரிசையிலும் எழுதலாம். உலக வழக்குப்படி தேனுக்கு அப்பட்டியலில் உள்ள பெயர் 'மெல்' என்பது. அது இலத்தீன் சொல். முன்பக்கத்தில் தேன்கூட்டின் படம் முழு ஜாடியையும் நிறைத்திருக்க, பின்பக்கத்தில் 'மெல்' என்பது வாசனைப் பொருளுக்கு அருகே கடைசி வரியில் ஒதுங்கி நிற்பதைப் பல ஜாடிகளில் காணலாம். சிலவற்றில் தேன்கூட இல்லை. தேனின் 'சாறு' என்ற பெயரில், கிளிசரினிலோ வேறு கரைப்பானிலோ சிறிது தேனைக் கரைத்த திரவமே சேர்க்கப்பட்டிருக்கும்.

இதன் பொருள் என்ன? ஒரு விவசாயியிடம் 10 தேனீப் பெட்டிகள் இருப்பதாகவும், பெட்டிக்கு 10 கிலோ வீதம் ஆண்டுக்கு 100 கிலோ தேன் எடுப்பதாகவும் கொள்வோம். நூற்றுக்கு 2 பங்கு தேன் சேர்க்கும் முறையில் 100 கிராம் ஜாடி ஒன்றுக்கு 2 கிராம் தேனே செல்லும். ஆயிரம் ஜாடிகள் செய்தாலும் 2 கிலோவுக்கு மேல் தேன் தேவையில்லை. அந்த ஒரே விவசாயியின் தேனைத் தீர்ப்பதற்கு 50,000 ஜாடிகள் விற்றாக வேண்டும்! ஆகவே மேனிக் கலவைத் தொழில் வந்துவிட்டால் ஊரிலுள்ள தேனெல்லாம் விலைபோகும் என்று தேனீ வளர்ப்போர் நம்பியிருப்பது கணக்குக்குப் பொருந்தாது. அத்தொழிலில் வருவாய் செய்கூலியிலும் பெயரிலும் இருக்கிறது. தேனின் எடையில் இல்லை. ஜாடி செய்யும் குழுவுக்கு ஊதியம் கிட்டலாம். பெட்டி வைத்திருக்கும் விவசாயிக்கு அதனால் வரும் ஆதாயம் மிகச் சொற்பம். இவ்விரு தரப்பாரும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போது இந்த வேற்றுமையை முன்னரே தெளிவுபடுத்துவது ஊராட்சி உறுப்பினர்களின் கடமையென்று கருதுகிறேன்.

சரி, 2 பங்குக்குப் பதிலாக 20 பங்கோ 30 பங்கோ தேன் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கேதான் தேனைப் பற்றி நாம் நன்கு உணர வேண்டிய இயல்பு ஒன்று குறுக்கிடுகிறது.

தேன் கெடாது என்பது நாடறிந்த வழக்கு. அது கெடாதிருப்பதற்குக் காரணம் அதிலுள்ள சர்க்கரைச் செறிவு. நீர் முழுவதையும் சர்க்கரை தன்பால் பிடித்து வைத்திருப்பதால் நுண்ணுயிர்கள் வாழ்வதற்கு வேண்டிய ஈரம் கிட்டுவதில்லை. ஊறுகாயை உப்பும் எண்ணெயும் காப்பதைப் போன்றதே இது. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியை விட்டால் என்ன ஆகும் என்பது இல்லத்தரசிகளுக்குத் தெரியும். தேனிலும் நீர் கலந்தால் அதன் காவல் தளர்ந்துவிடுகிறது. தேனில் இயல்பாகவே உறங்கிக் கிடக்கும் ஒருவகை ஈஸ்ட் விழித்தெழுந்து சர்க்கரையை உண்டு, சாராயமும் வாயுவும் உண்டாக்கத் தொடங்கும். நீரளவு நூற்றுக்கு 20-ஐத் தாண்டினாலே இவ்வபாயம் தலைகாட்டும். தேனை நீர்த்தால் அதிலுள்ள ஒரு நொதி சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கிக் கிருமிகளைத் தடுக்கும் என்று அறிவியலார் கண்டிருப்பது மெய்யே. ஆனால் அது கடையில் மாதக் கணக்காக நிற்கும் ஜாடியைக் காக்கப் போதுமானதன்று.

வீட்டில் தேனோடு அரிசி மாவையும் பன்னீரையும் குழைத்து முகத்தில் தடவுகிறோம், தீங்கில்லை. அன்று குழைத்தது அன்றே கழுவப்பட்டுவிடுகிறது. கடைச் சரக்கோ, செய்த நாள் முதல் ஓராண்டேனும் நிற்க வேண்டும். அதன் பின்பும் வாங்கியவர் குளியலறையில் ஈரக் கையால் தினந்தோறும் தொடுவதைத் தாங்க வேண்டும். வீட்டு முறை நல்ல முறை என்பதனாலேயே அது கடை முறையாகிவிடாது. இத்தொழிலில் நிகழும் நஷ்டங்கள் பெரும்பாலும் இந்த வேற்றுமையை மறந்ததனால் நிகழ்பவை.

எனது பணிக்காலத்தில் ஒரு கிராமத்தில் நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். அவ்வூர்க் குழுவினர் கடன் பெற்று, அரிசி மாவு, தேன், பன்னீர், சிறிது மஞ்சள் இவற்றைக் குழைத்து 400 ஜாடிகள் நிரப்பினார்கள். மாவட்டக் கண்காட்சியில் பாதி விற்றது. மீதியை நகரத்துக் கடை ஒன்று எடுத்துக் கொண்டது. மூன்று வாரம் சென்றதும் ஜாடிகளின் மூடி உப்பியது. சிலவற்றில் நுரை பொங்கிப் புளித்த கள் வாடை வீசியது. கடைக்காரர் சரக்கைத் திருப்பியதோடு, வண்டிக் கூலியும் கேட்டார். குழுவினர் தேன் கொடுத்த விவசாயியின் மேல் பாய்ந்தனர். "தேனில் சர்க்கரைப் பாகு கலந்து கொடுத்துவிட்டார், அதனால்தான் புளித்தது" என்பது அவர்கள் வழக்கு. அவருக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்தி வைத்தார்கள். ஒரே தெருவினர் இரு கட்சியாயினர். ஊராட்சி மன்றத் தலைவர் அறிவுடையவர். தீர்ப்புச் சொல்லும் முன்பு, விவசாயியின் வீட்டில் எஞ்சியிருந்த அதே தேனில் ஒரு பாட்டிலை ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பச் செய்தார். தேன் தூய்மையானது, நீரளவும் வரம்புக்கு உட்பட்டது என்று விடை வந்தது. அந்தத் தேன் அவர் வீட்டுப் பரணில் அன்றுவரை புளிக்காமலே இருந்தது. புளித்ததற்குக் காரணம் கலவையில் விட்ட பன்னீரும், அந்த ஈரத்தில் நுண்ணுயிர்களுக்கு உணவாகி நின்ற அரிசி மாவுமே. விவசாயியின் பணம் கொடுக்கப்பட்டது. குழுவின் கடன் மட்டும் தவணை தவணையாக வேறு வேலை செய்து அடைக்கப்பட்டது.

அவ்வாறாயின் தேன் மிகுதியாகச் சேர்த்த கலவையைக் கெடாமல் செய்ய வழியில்லையா? உண்டு. முதல் வழி, நீரை அறவே விலக்குவது. சர்க்கரை, எண்ணெய், தேன் ஆகிய மூன்றையும் கொண்ட கலவையை ஆலைகளும் செய்கின்றன. இதில் சர்க்கரையே துகள். தேய்க்கத் தேய்க்க அது கரைந்து கூர் மழுங்கிவிடுவதால் மேனியைக் கீறுவதில்லை. வாதுமை ஓட்டைப் போல் முனை முறிந்த கூரிய விளிம்புகள் இதில் இல்லை. தேனில் ஏற்கெனவே உள்ள நீரையும் சர்க்கரையே பிடித்துக் கொள்ளும். ஆனால் தேனும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலவா. சில நாள் நின்றால் எண்ணெய் மேலேயும் தேன் அடியிலும் பிரிந்துவிடும். இரண்டையும் இணைத்து நிறுத்த லெசித்தின் போன்ற ஓர் இணைப்புப் பொருள் வேண்டும். அதன் அளவைத் தெரிந்தவரிடம் பயின்றே சேர்க்க வேண்டும்.

குளியலறையில் ஈரக் கை படுவதை எண்ணி, அனுமதிக்கப்பட்ட காப்புப் பொருள் ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கும். "நாங்கள் இயற்கைப் பொருளே செய்கிறோம், இரசாயனம் எதற்கு?" என்று குழுவினர் தயங்குகிறார்கள். புளித்த ஜாடியும் பூசணம் பிடித்த ஜாடியும்கூட இயற்கையானவைதாம். கலவை புளிப்புத் தன்மையாக இருந்தால் சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் ஆகிய இரண்டும் நன்கு வேலை செய்யும். இவை உணவிலும் அனுமதிக்கப்பட்டவை. பீனாக்ஸிஎத்தனால் என்பதை நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேற்படாமல் சேர்க்கலாம். எதைச் சேர்ப்பினும் அதைச் சேர்மானப் பட்டியலில் எழுத வேண்டும்.

செய்யும் முறையில் மற்றொரு குறிப்பு. எண்ணெயையும் மெழுகையும் உருக்கும்போதே தேனையும் சேர்த்துக் கொதிக்கவிடுவது பலர் செய்யும் தவறு. தேன் சூட்டில் கறுக்கும், நறுமணம் போகும், நொதிகள் அழியும். உருக்கியது ஆறி, கையில் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும் நிலையில், அதாவது ஏறக்குறைய 40 பாகை செல்சியசில், தேனைச் சேர்ப்பதே முறை. இரும்புப் பாத்திரமும் செம்புப் பாத்திரமும் ஆகா. தேனிலுள்ள அமிலம் அவற்றை அரிக்கும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. மாவுத் துகள் சேர்ப்பதாயின் அங்குலத்துக்கு 60 கண்ணுள்ள சல்லடையில் சலித்தெடுக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட பருமனுள்ள துகள் முகத்துக்கு உகந்ததன்று.

இரண்டாம் வழி ஒன்று உண்டு. நமது கிராமங்களின் நிலைமைக்கு அதுவே பெரிதும் ஏற்றதாக எனக்குத் தோன்றுகிறது. மாவையும் தேனையும் கலந்து விற்பதைக் கைவிட்டு, இரண்டையும் ஒரே பெட்டியில் தனித்தனியாக வைத்து விற்கலாம். பயத்தம் மாவு, அரிசி மாவு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், உலர்ந்த ஆரஞ்சுத் தோல் இவற்றை நன்றாகக் காயவைத்து அரைத்துச் சலித்த பொடி ஒரு பையில்; நல்ல தேன் 30 கிராம் ஒரு சிறு பாட்டிலில். வாங்குபவர் வேண்டும்போது வேண்டிய அளவு குழைத்துக் கொள்வார். உலர்ந்த பொடி ஈரம் புகாத பையில் இருந்தால் மாதக் கணக்கில் நிற்கும். தேன் தேனாகவே இருப்பதால் அதற்கும் கேடில்லை. காப்புப் பொருளின் தேவை குறையும். உருக்கும் அடுப்பும் கலக்கும் இயந்திரமும் வேண்டா. தேன் எவ்வளவு இருக்கிறது என்பதை வாங்குபவர் கண்ணால் காண்பார், நம்பிக்கை பிறக்கும்.

தேனின் கணக்கையும் பாருங்கள். ஆயிரம் பெட்டிகளுக்கு 30 கிலோ தேன் செல்லும்; ஆலை முறையில் ஆயிரம் ஜாடிக்குச் சென்றது 2 கிலோ. மேற்சொன்ன விவசாயியின் 100 கிலோவும் 3,333 பெட்டிகளில் தீர்ந்துவிடும். ஒரு குழு ஓராண்டில் விற்றுவிடக் கூடிய அளவே அது. விவசாயிக்கும் குழுவுக்கும் நலன் ஒன்றாவது இம்முறையில்தான். இதிலும் இடர் இல்லாமல் இல்லை. பொடியைச் சரியாகக் காயவைக்காவிட்டால் வண்டும் பூசணமும் வரும். மழை மாதங்களில் பொடி அரைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

தேனின் தரத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நமது மாநிலத்தில் தேனீ வளர்ப்புக்குப் பேர்போன இடம் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். 1920-களில் அங்கு ஒய்.எம்.சி.ஏ. நிலையத்தார் கிராமப் புனருத்தாரணப் பணியின் ஓர் அங்கமாகத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார்கள். அங்கு ரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்புகளில் சுரக்கும் இனிப்பு நீரையே தேனீக்கள் பெரிதும் சேகரிக்கின்றன. தை பிறந்தபின் ரப்பர் தளிர்க்கும் காலமே தேன் காலம். 1990-களின் தொடக்கத்தில் 'தாய் சாக்புரூட்' எனப்படும் வைரஸ் நோய் பரவித் தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களுள் பெரும்பாலானவை அழிந்தன. நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களைப் பெருக்கியே தொழில் மீண்டும் தலையெடுத்தது. ரப்பர்த் தேன் விரைவில் உறையும் இயல்புடையது. உறைந்த தேனைக் கண்டு சர்க்கரை கலந்தது என்று வாங்குவோர் ஐயுறுகிறார்கள், அது தவறு. மேனிக் கலவைக்கு உறைந்த தேன் ஒரு குறையே அன்று. அதன் நுண்ணிய பரல்களும் மெல்லிய துகளாகவே உதவும். பாட்டிலில் விற்பதற்கு மட்டும் வெந்நீரில் பாத்திரத்தை வைத்து மெதுவாக இளக்கிக் கொள்ளலாம்.

பிழிவதற்கு முன் அடையில் முக்காற் பங்கு அறைகளேனும் மெழுகால் மூடப்பட்டிருக்க வேண்டும். மூடாத அறையிலுள்ள தேன் முதிராதது. அதில் நீர் மிகுதி. ஆசையினால் முன்கூட்டியே பிழிந்த தேன், பாட்டிலிலும் புளிக்கும், கலவையையும் கெடுக்கும். நீரளவைக் காணக் கையடக்கமான ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கருவி உண்டு. ஒரு சொட்டுத் தேன் போதும், எண்ணைப் படித்துவிடலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொதுவாகத் தேனுக்கு வகுத்துள்ள நீர் வரம்பு நூற்றுக்கு 20. விவசாயிகள் தனித்தனியே வாங்கச் சிரமப்படினும், ஊருக்கு ஒரு கருவி இருந்தால் மேற்கண்ட வழக்கைப் போன்றவை எழவே மாட்டா.

கலப்படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 டிசம்பரில் புதுதில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் விற்கும் 13 பெயர்களின் தேனை வெளிநாட்டு ஆய்வுக் கூடத்தில் உட்படச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 3 மட்டுமே. அன்று முதல் தேன் வாங்கும் ஆலைகள், எந்த ஊர், எந்தப் பருவம், எவர் பெட்டி என்று கேட்பது முன்னினும் இயல்பாகியிருக்கிறது. இதற்கு ஏடு எழுதி விடை சொல்லக் கூடிய கிராமத்துக்கு அதுவே ஒரு மூலதனம்.

அடுத்தது சட்டம். இதில்தான் நமது மக்கள் அறியாமல் சிக்கிக் கொள்கிறார்கள். மேனியில் பூசுவதற்கென விற்பனைக்காகச் செய்யப்படும் பொருள், அது பயத்தம் மாவேயாயினும், 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்துக்கு உட்பட்டது. 2020-ல் அழகுப் பொருள்களுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, செய்வதற்கு முன்பே மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். உரிமம் இன்றிச் செய்து விற்பது குற்றம். "சிறிய அளவில்தானே செய்கிறோம், கண்காட்சியில் மட்டுந்தானே விற்கிறோம்" என்பது சமாதானம் ஆகாது. தேன் பாட்டிலோ உணவுப் பொருள்; அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தனியே வேண்டும். ஒரு பெட்டியில் இரண்டையும் வைத்து விற்பவர் இரண்டு துறைகளுக்கும் கட்டுப்பட்டவர்.

உரிமத்துக்குத் தூய்மையான தனி இடமும், நீர், காற்றோட்ட வசதிகளும், தகுதி பெற்ற ஒருவர் நேர்பார்வையும் வேண்டும். தகுதி என்றவுடன் அஞ்ச வேண்டா. மருந்தாளுநர் பட்டயம் பெற்றவர் மட்டுமல்லாமல், வேதியியலை ஒரு பாடமாகக் கொண்டு இடைநிலைத் தேர்வில் தேறியவரையும் விதிகள் ஏற்கின்றன. படித்துவிட்டு வேலையின்றி வீட்டிலிருக்கும் பெண்களுள் இத்தகையோர் நமது ஊர்களிலேயே இருப்பர். தமக்கென ஆலை அமைக்க இயலாத குழுவினர், ஏற்கெனவே உரிமம் பெற்ற மற்றொருவரின் ஆலையில் தம் பெயரில் செய்துகொள்ள 'கடன் உரிமம்' என்ற ஏற்பாடும் விதிகளில் இருக்கிறது. முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு, கட்டடத்தில் பணத்தைப் போடாமல் சந்தையை அறிந்து கொள்ள இதுவே சிக்கனமான வழி. கடன் விண்ணப்பங்களில் நான் அநேகமாகக் காண்பது இதற்கு நேர்மாறான முறை: முதலில் கட்டடம், பிறகு இயந்திரம், அதன் பிறகே வாங்குவோரைத் தேடுதல்.

ஜாடியின் மேல் பெயர், முகவரி, தொகுதி எண், உரிம எண், எந்த மாதத்துக்குள் உபயோகிக்க வேண்டும் என்பது, நிகர எடை, சேர்மானப் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். 'பரு நீங்கும்', 'படை ஆறும்' என்று எழுதலாகாது. நோயைத் தீர்ப்பதாகச் சொன்ன மாத்திரத்தில் அப்பொருள் சட்டத்தின் கண்ணில் மருந்தாகிவிடுகிறது. மருந்துக்குரிய கட்டுப்பாடுகள் வேறு. 'மேனியைத் தூய்மை செய்யும், மென்மை தரும்' என்ற அளவில் நிறுத்துவது சட்டத்துக்கும் உண்மைக்கும் ஒத்தது.

உபயோகிப்போருக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கைகளும் சில உண்டு. புண், வெடிப்பு, சீழ்ப் பரு, வெயில் சுட்ட தோல் இவற்றின் மேல் தேய்க்கலாகாது. மருத்துவமனைகளில் புண்ணுக்கு இடும் தேன் கதிரியக்கத்தால் தூய்மை செய்யப்பட்டது. அதைக் காட்டி நமது தேனையும் புண்ணில் இடச் சொல்வது பொருந்தாது. மகரந்தம் ஒவ்வாதவர்களுக்குத் தேனால் அரிப்பு வரலாம். முன்கையில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு முகத்தில் இடும்படி அச்சிட வேண்டும். தேன் பாட்டிலும் உடன் செல்வதால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் புகட்டலாகாது என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. தேனில் இருக்கக் கூடிய ஒருவகை நச்சுக் கிருமியின் வித்துகளைப் பெரியவர்களின் குடல் தாங்கும், சிசுவின் குடல் தாங்காது.

ஆகவே இத்தகைய விண்ணப்பம் ஒன்று ஊராட்சி மன்றத்தின் முன் வரும்போது, உறுப்பினர்கள் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். ஒரு ஜாடிக்கு எத்தனை கிராம் தேன்? கலவையில் நீர் உண்டா? உண்டாயின் காப்புப் பொருள் என்ன? ஒரு சிறு தொகுதியையேனும் செய்து, நமது கோடையில் மூன்று மாதம் வைத்துப் பார்த்திருக்கிறார்களா? உரிமம் யார் பெயரில்? தேன் கொடுப்பவருக்குப் பணம் ஜாடி விற்ற பிறகா, தேன் அளந்தவுடனா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்து மூலமான விடை இருக்க வேண்டும். தேன் கொடுக்கும் நாளிலேயே நீரளவைக் கண்டு ஏட்டில் பதிந்து, இரு தரப்பாரும் கையெழுத்திட்டு, ஒரு பாட்டில் தேனை முத்திரையிட்டு ஊராட்சி அலுவலகத்தில் வைத்துக் கொள்வது மிகவும் நன்று. செலவு ஒரு பாட்டில்.

ரப்பர்ப் பகுதிகளில் தேன் பிழிதல் மாசி, பங்குனியில் நடைபெறும். உரிமத்துக்கு விண்ணப்பித்து, அதிகாரிகள் இடத்தைப் பார்வையிட்டு, ஆணை கையில் கிடைக்கச் சில மாதங்கள் செல்லக் கூடும். எனவே தேனைக் கையில் வைத்துக் கொண்டு உரிமத்துக்கு ஓடாமல், ஆடி, ஆவணியிலேயே விண்ணப்பத்தை அளித்துவிட வேண்டும். அடைமழை ஓய்ந்து பொடி காயவைக்க ஏற்ற வெயில் தையில் வந்துவிடும். தேனும் அதை அடுத்து வந்து சேரும்.